பாக்தாத் முதல் அலெப்போ வரை

இரு சக்கர வரலாறு – 9

பாக்தாத்துக்கும் அலெப்போவுக்கும் இடையே 956 கிலோமீட்டர் பாலை. பம்பாயிலிருந்து புறப்பட்டுப் போன மூன்று பார்சி இளைஞர்கள் அதை 23 நாளில் சைக்கிளில் கடந்தார்கள். நாளொன்றுக்குச் சராசரியாக 42 கிலோமீட்டர். ஆரணியிலிருந்து வேலூர் போய்ச் சேருவதைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். பாவு மூட்டையைக் கேரியரில் கட்டிக்கொண்டு சேவூருக்கும் ஒண்ணுபுரத்துக்கும் தேவிகாபுரத்துக்கும் மிதித்துப் பழகிய நம்மூர் நெசவாளியிடம் இந்தக் கணக்கைச் சொன்னால், "இது என்னங்க பெரிய தூரம்?" என்றுதான் கேட்பார். நியாயமான கேள்வி. ஆனால் வேலூர்ச் சாலையில் கண்ணமங்கலம் வந்தால் டீக்கடை உண்டு; கணியம்பாடி வந்தால் பஞ்சர் ஒட்ட ஆள் உண்டு. பாலையில் அடுத்த தண்ணீர் எங்கே என்று தெரியாமலே இன்றைய 42-ஐ முடித்தாக வேண்டும். விடிந்தால் இன்னொரு 42 காத்திருக்கும்.

இந்தத் தொடரில் இதுவரை வந்தவர்கள் எல்லோரும் மேற்கிலிருந்து நம் பக்கம் வந்தவர்கள். 1884-ல் சான்பிரான்சிஸ்கோவில் ஆளுயர முன்சக்கரம் கொண்ட சைக்கிளில் ஏறிய தாமஸ் ஸ்டீவன்ஸ், லாகூரிலிருந்து கல்கத்தா வரை கிராண்ட் டிரங்க் சாலையில் ஓட்டினார். 1896-ல் லண்டனில் கிளம்பிய ஃப்ரேசர், லன், லோவ் மூவரும் இந்தியாவைக் குறுக்கே கடந்து பர்மா போனார்கள். சென்ற அத்தியாயத்தில் பார்த்த ஃபேனி வொர்க்மனும் அவருடைய கணவரும் தென்கோடியில் தொடங்கி, கோயில் கோயிலாகப் பார்த்துக்கொண்டே இமயம் வரை போனார்கள். இவர்கள் எழுதிய நூல்களில் நாம் சாலையோரம் நின்று வேடிக்கை பார்க்கும் பெயரில்லாத கூட்டம். சைக்கிளின் மேல் உட்கார்ந்திருப்பவர் ஒருவர், கீழே நின்று பார்ப்பவர் வேறொருவர் என்பது அந்தக் காலத்துப் பயண எழுத்தில் எழுதாத சட்டம். அது 1923-ல் உடைந்தது.

அந்த ஆண்டு அக்டோபர் 15 அன்று ஆறு பேர் பம்பாயிலிருந்து கிளம்பினார்கள். ஆதி ஹக்கீம், ஜால் பாபசோலா, ருஸ்தம் பூம்காரா, குஸ்தாத் ஹத்திராம், கேக்கி போச்கானாவாலா, நரிமன் கபாடியா. ஆறு பேரும் பம்பாய் பளுதூக்கும் கழகத்தின் உறுப்பினர்கள். 1920-ல் பம்பாய் ஓவல் மைதானத்தில் பிரெஞ்சுக்காரர் ஒருவர் பேசினார். ஐரோப்பாவிலிருந்து இந்தியாவுக்கு நடந்தே வந்தவர் அவர். அந்தப் பேச்சிலிருந்து முளைத்தது இந்த யோசனை. நடந்தே ஒருவர் இங்கே வரலாம் என்றால், சைக்கிளில் நாம் ஏன் அங்கே போகக்கூடாது?

பளுதூக்கும் கழகம் என்பதைச் சும்மா தாண்டிப் போக எனக்கு மனமில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்திய நகரங்களில் உடற்பயிற்சி ஒரு பெரிய அலையாக எழுந்தது. சாண்டோ என்ற பலசாலி 1905 வாக்கில் இந்தியாவைச் சுற்றி வந்தபோது பம்பாய்ப் பார்சிகள் அவரைக் கொண்டாடினார்கள். இந்தியர்கள் உடலால் பலவீனர்கள் என்று ஆட்சியாளர்கள் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. கர்லாவும் தண்டாலும் பளுவும் அதற்கு இளைஞர்கள் தந்த பதில். அந்தப் பதிலைக் கூடத்துக்குள் வைத்துக்கொள்ளாமல் உலகச் சாலையில் கொண்டுபோய் நிறுத்தியவர்கள் இந்த ஆறு பேர்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இவர்கள் கிளம்புவதற்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1921 நவம்பரில், வேல்ஸ் இளவரசர் பம்பாயில் வந்து இறங்கினார். ஒத்துழையாமை இயக்கம் உச்சத்தில் இருந்த நேரம். இளவரசரை வரவேற்கப் போனவர்கள் என்று பார்சிகள் தெருவில் தாக்கப்பட்டார்கள். அவர்களும் திருப்பித் தாக்கினார்கள். சில நாள் கலவரத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காந்தி உண்ணாவிரதம் இருந்த பிறகே நகரம் அடங்கியது. வெள்ளைக்காரனின் ஆட்கள் என்று பழிக்கப்பட்டு அடி வாங்கிய அந்தச் சமூகத்திலிருந்துதான் ஆறு இளைஞர்கள் கிளம்புகிறார்கள். அவர்கள் சொன்ன நோக்கம் இரண்டு: உலகத்தை நெருங்கிப் பார்ப்பது, இந்தியாவையும் இந்தியர்களையும் உலகத்துக்கு அறிமுகம் செய்வது. எங்கள் சமூகம் என்று சொல்லவில்லை, இந்தியர்கள் என்றார்கள். 1921-ஐ மனதில் வைத்துக்கொண்டு படித்தால் அந்த ஒரு சொல்லின் எடை தெரியும்.

பஞ்சாப் வழியாகப் பலுசிஸ்தானில் ஏறினார்கள். முதல் பெரிய சோதனை மணல் அல்ல, பனி. குவெட்டாவுக்கு வடகிழக்கே உள்ள ஜியாரத் மலை, ஜூனிப்பர் மரக்காடு சூழ்ந்த உயர்ந்த பகுதி. குளிர்காலத்தில் பாதையே தெரியாமல் பனி மூடிவிடும். பம்பாயின் கடற்காற்றில் வளர்ந்த உடம்புகள் அந்தப் பனியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு உச்சிக்கு ஏறின. இன்றைக்கு மலைச் சாலையில் போகிறவர்களிடம் இருபதுக்கும் மேற்பட்ட கியர் உண்டு. அன்றைய சாதாரண சைக்கிளுக்கு இருந்தது ஒரே ஒரு பல்சக்கர விகிதம். சமவெளிக்குச் சரியான அந்த ஒரு விகிதம் ஏற்றத்தில் முழங்காலைப் பிடுங்கும். இறக்கத்திலோ பிரேக் கட்டை தேய்ந்து தேய்ந்து கைப்பிடி வலுவிழக்கும். பிரான்சைச் சுற்றும் புகழ்பெற்ற பந்தயத்திலேயே 1937 வரை கியர் மாற்றிக்கு அனுமதி இல்லை. ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ளுவது. அதுதான் அந்தத் தலைமுறையின் மலைப் பயணம்.

பலுசிஸ்தானைத் தாண்டினால் ஈரான். பார்சிகளுக்கு அது வெறும் வெளிநாடு அல்ல. அவர்களுடைய முன்னோர் ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்னால் அங்கிருந்து குஜராத் கரைக்கு வந்தவர்கள். ஈரானில் எஞ்சிய ஜொராஷ்டிரர்கள் தனி வரி கட்டி ஒடுங்கிக் கிடந்தபோது, 1854-ல் பம்பாய்ப் பார்சிகள் மானெக்ஜி ஹதாரியா என்பவரைத் தூதராக அனுப்பினார்கள். அவருடைய இடைவிடாத உழைப்பால் 1882-ல் அந்த வரி நீங்கியது. ஆகவே ஆறு பேர் ஈரானுக்குள் நுழைந்தது, பாட்டன் பூட்டன் விட்டுவந்த வீட்டைப் பேரப்பிள்ளைகள் போய்ப் பார்ப்பது போன்ற ஒரு நுழைவு. அவர்கள் பம்பாயில் கிளம்பிய அதே மாதக் கடைசியில் ரேசா கான் அங்கே பிரதமரானார். இரண்டு ஆண்டில் ஷா ஆகிவிட்டார். பழைய ஈரான் உருமாறிக்கொண்டிருந்த நாட்களில் இவர்கள் அதன் ஊடே மிதித்துப் போனார்கள். தெஹ்ரானில் நரிமன் கபாடியா சொந்தக் காரணங்களுக்காகக் குழுவை விட்டு ஊர் திரும்பினார்.

அடுத்து பாக்தாத்.

பாக்தாத் என்ற பெயர் வட ஆர்க்காட்டுக் கிராமங்களுக்குப் புதிதல்ல. முதல் உலகப் போரில் மெசபடோமியாவில் பிரிட்டனுக்காகப் போரிட்ட படையில் பெரும்பகுதி இந்தியச் சிப்பாய்கள். மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவும் அங்கே பாலம் கட்டியது, பதுங்குகுழி வெட்டியது, சாலை போட்டது. ஆரணிக்கும் வேலூருக்கும் நடுவே, கணியம்பாடி பக்கத்தில் இருக்கும் கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே பெயர். தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய ஊர் அது. டைக்ரிஸ் கரை மணலும் வெயிலும் எப்படி இருக்கும் என்பது இந்த வட்டாரத்தில் திண்ணைகளில் பேசப்பட்ட செய்தி. ஆனால் சிப்பாய்கள் அனுப்பப்பட்டுப் போனவர்கள். பின்னால் வந்த இந்த இளைஞர்கள் தங்கள் விருப்பத்தில் போனவர்கள், துப்பாக்கி ஏந்திப் போகாதவர்கள்.

எஞ்சிய ஐவரில் ஹக்கீம், பாபசோலா, பூம்காரா மூவரும் பாலையில் இறங்கினார்கள். பாக்தாத்திலிருந்து அலெப்போ போகும் பழைய வழி யூப்ரடீஸ் நதியை ஒட்டியது: ஃபல்லூஜா, ரமாதி, ஹீத், ஆனா, தெய்ர் எஸ் ஸோர். நதியை ஒட்டியது என்றதும் குளிர்ந்த கரையோரச் சாலை என்று நினைத்துவிடக் கூடாது. பல இடங்களில் நதி பள்ளத்தில் ஓடும். வழி மேட்டுப் பாலையில் போகும். தண்ணீர் கண்ணுக்குத் தெரியாது, எட்டவும் எட்டாது. ஹீத் என்ற ஊரில் பூமியிலிருந்து இயற்கையாகவே தார் ஊறிக் கொப்பளிக்கிறது. பாபிலோன் காலத்திலிருந்து அந்தத் தாரை எடுத்துப் படகுக்கும் செங்கல் சுவருக்கும் பூசியிருக்கிறார்கள். சைக்கிள்காரர்கள் போன காலத்தில் அந்த ஊரைச் சுற்றித் தார்ச்சாலை கிடையாது.

மணலில் சைக்கிள் ஓட்டுவது எப்படி என்று கேட்டால், பாதி நேரம் ஓட்டுவதே இல்லை என்பதுதான் பதில். கெட்டி மண்ணாக இருந்தால் சக்கரம் உருளும். உதிரி மணல் வந்துவிட்டால் முன்சக்கரம் புதைந்து ஹேண்டில்பார் தானாகத் திரும்பும். இறங்கித் தள்ள வேண்டும். மூட்டை முடிச்சோடு தள்ளும்போது ஒவ்வோர் அடிக்கும் மணல் பின்னால் இழுக்கும். செயினுக்கு எண்ணெய் போட்டால் அந்த எண்ணெயே மணலைப் பிடித்து வைத்துக்கொண்டு பற்களை அரம்போல் தின்னும். போடாவிட்டால் கீச்சிட்டுத் துருவேறும். பாலைச் செடிகளின் முள் டயரைத் துளைக்கும். டியூபில் ஒட்டுப் போடலாம் என்றால் சொல்யூஷன் டப்பா வெயிலில் கெட்டியாகிப் போயிருக்கும். காற்று வீசினால் இவை எல்லாமே அற்பமாகிவிடும். மணற்புயலில் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு சைக்கிளைப் படுக்கவைத்து அதன் பக்கத்திலேயே ஆளும் படுத்துக்கிடக்க வேண்டும்.

மணற்புயல், வறண்ட தொண்டை, நலிந்துகொண்டே போன உடம்பு, இரவுக்கு இடிந்த குடிசை. அவர்கள் சொல்லிப்போன 23 நாளின் கதை இதுதான். வெப்பம் 57 டிகிரி செல்சியசைத் தாண்டியது என்கிறார்கள். உலகில் நிழலில் அளந்து பதிவான உச்சமே 1913-ல் அமெரிக்காவின் டெத் வேலியில் 56.7 டிகிரிதான். எனவே இவர்கள் சொன்ன அளவு வெட்டவெளி வெயிலில் காட்டிய அளவாகத்தான் இருக்க முடியும். சைக்கிள் ஓட்டுகிறவனுக்கு அதுவே பொருந்தும் அளவு. அவன் நிழலில் ஓட்டுவதில்லை. அப்படிப்பட்ட வெயிலில் உழைக்கும் உடம்பு ஒரு நாளில் பத்து லிட்டர் தண்ணீர் வரை கேட்கும். மூன்று பேருக்கு முப்பது லிட்டர், அதாவது முப்பது கிலோ. பல நாளுக்கான தண்ணீரைச் சைக்கிளில் சுமக்க முடியாது. எனவே பாலையைச் சைக்கிளில் கடக்கிறவர் யாராக இருந்தாலும் வழியில் இருக்கும் மனிதர்களை நம்பித்தான் கடக்க முடியும்: பதூயின் கூடாரம், ஆற்றங்கரைக் கிராமம், போலீஸ் காவல் சாவடி. தனி ஆளின் உறுதி என்று நாம் கொண்டாடும் பயணங்களுக்குள்ளே, முன்பின் தெரியாத யாரோ நீட்டிய தண்ணீர்ப் பாத்திரங்கள் எத்தனையோ இருக்கின்றன.

அரசியலும் அந்த மணலில் புதைந்திருந்தது. துருக்கிப் பேரரசு உடைந்து இராக் பிரிட்டன் கைக்கும் சிரியா பிரான்ஸ் கைக்கும் போயிருந்த நேரம். அதே யூப்ரடீஸ் வழியில்தான் 1915-லும் 1916-லும் ஆர்மீனிய மக்கள் அலெப்போ பக்கமிருந்து தெய்ர் எஸ் ஸோரை நோக்கிக் கூட்டம் கூட்டமாக ஓட்டிச்செல்லப்பட்டு மடிந்தார்கள். தப்பிப் பிழைத்தவர்கள் அலெப்போவில் அகதிகளாக நிறைந்திருந்தார்கள். இன்னொரு பக்கம், 1923 அக்டோபரில்தான் நெய்ர்ன் சகோதரர்கள் என்ற நியூசிலாந்துக்காரர்கள் டமாஸ்கஸ் – பாக்தாத் இடையே பாலையைக் குறுக்கே கடக்கும் மோட்டார் தபால் சேவையைத் தொடங்கினார்கள். ஒட்டகம் வாரக்கணக்கில் நடந்த பாலையைக் கார் இரண்டொரு நாளில் கடந்துவிட்டது. ஒட்டகத்தின் காலம் முடிந்து மோட்டாரின் காலம் பிறக்கும் அந்த இடைவெளியில் இந்த மூன்று சைக்கிள்கள் போயின.

அலெப்போவைப் பற்றி ஆரணியில் உட்கார்ந்து எழுதும்போது பட்டைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியவில்லை. பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளில் ஈரானியக் கச்சாப் பட்டின் பெரிய சந்தை அலெப்போ. காஸ்பியன் கடலோரத்து கிலானிலும் அதன் அண்டைப் பகுதிகளிலும் நூற்ற பட்டு ஒட்டகத்தின் முதுகில் அங்கே வந்து சேரும். வெனிஸ், பிரான்ஸ், இங்கிலாந்து வணிகர்கள் அங்கேயே பண்டகசாலை வைத்துக் காத்திருப்பார்கள். 1581-ல் லண்டனில் தொடங்கி, பின்னர் லெவண்ட் கம்பெனி என்று பெயர்பெற்ற நிறுவனம் அலெப்போவில் கிடங்கு போட்டு உட்கார்ந்தது. அந்தக் கம்பெனி வணிகர்கள் பலரும் சேர்ந்துதான் 1600-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் முதல் போட்டார்கள். நூற்றைம்பது ஆண்டு கழித்து, 1751-ல், அந்தக் கம்பெனியின் கிளைவ் ஆர்க்காட்டுக் கோட்டை முற்றுகையிலிருந்து வெளியே வந்து சண்டை போட்ட இடம் நம் ஆரணி. அலெப்போவின் பட்டுக் கிடங்குக்கும் ஆரணிக் கோட்டைக்கும் இப்படி ஒரு நூல் ஓடுகிறது. இன்று நம் தறிகளுக்குப் பட்டு கர்நாடகத்திலிருந்தும் ஜரிகை சூரத்திலிருந்தும் வருகின்றன. அந்தச் சூரத் பார்சிகளின் பழைய ஊர்களில் ஒன்று.

அலெப்போவுக்குப் பிறகு வேகமாகச் சொல்லிவிடலாம். கப்பலேறி இத்தாலி, 6,600 அடி உயரம் ஏறி ஆல்ப்ஸ், ஐரோப்பாவைக் கடந்து பிரிட்டன், அங்கிருந்து அமெரிக்கா. அந்த நாட்டில் கிழக்கிலிருந்து மேற்காக 8,400 கிலோமீட்டரை ஐந்து மாதத்தில் முடித்தார்கள். இந்தியர்களுக்கு அமெரிக்கா கதவைச் சாத்திய காலம் அது. 1923 பிப்ரவரியில் பகத் சிங் திந்த் வழக்கில் இந்தியருக்குக் குடியுரிமை கிடையாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1924 குடியேற்றச் சட்டம் ஆசியர் வருகையையே ஏறத்தாழ நிறுத்தியது. அப்படிப்பட்ட நாட்டில்தான் குஸ்தாத் ஹத்திராம், இந்த மண் எனக்குப் பிடித்திருக்கிறது என்று தங்கிவிட்டார். கேக்கி போச்கானாவாலா மனம் தளர்ந்து நியூயார்க்கிலிருந்து ஊர் திரும்பினார். ஆறு மூன்றானது.

மூவர் ஜப்பான் போனார்கள். அந்நாட்களில் ஜப்பானின் முதல் ஏற்றுமதிப் பொருள் கச்சாப் பட்டு. அதில் மிகப் பெரும் பகுதியை வாங்கியது அமெரிக்கா. யோகஹாமாவில் ஏற்றிய பட்டு அமெரிக்க மேற்குக் கரையில் இறங்கி, நிற்காமல் ஓடும் தனி ரயில்களில் கிழக்கே போனது. இவர்கள் எதிர்த் திசையில் வந்தார்கள். பிறகு ஜப்பானிய ஆட்சியில் இருந்த கொரியா. அங்கே சைக்கிளில் வந்த முதல் உலகப் பயணிகள் தாங்களே என்று அவர்கள் சொல்லிக்கொண்டார்கள். பிறகு உள்நாட்டுப் போரில் கிடந்த சீனா, கம்போடியா, சயாம், பர்மா, அஸ்ஸாம். 1928 மார்ச் 18 அன்று பம்பாய். நான்கு ஆண்டு ஐந்து மாதம், 71,000 கிலோமீட்டர். கப்பலில் கழிந்த நாள், ஓய்வெடுத்த நாள் எல்லாம் சேர்த்து வகுத்தாலும் நாளொன்றுக்கு 44 கிலோமீட்டர் வருகிறது. பாலையின் 23 நாளிலும் அவர்கள் வேகம் அதற்கு மிகக் கிட்டவே இருந்திருக்கிறது. எனக்கு இந்தப் பயணத்தில் மிகப் பெரிய வியப்பு இந்த எண்தான்.

1931-ல் அவர்களுடைய பயண நூல் ஆங்கிலத்தில் வந்தது. முன்னுரை ஜவாஹர்லால் நேரு. அலைந்து திரியும் ஆசை தன் ரத்தத்திலும் உண்டு என்றும், சூழ்நிலை தன்னை வேறு வகைச் சாகசத்தில் இறக்கிவிட்டது என்றும், இந்த இளைஞர்களைப் பார்த்துப் பொறாமையாக இருக்கிறது என்றும் அதில் எழுதினார். அவ்வளவு பேசப்பட்டவர்கள் பிறகு எப்படி மறைந்துபோனார்கள்? அவர்கள் நாடு பிடிக்கவில்லை, சிகரத்தில் கொடி நடவில்லை, கட்சி தொடங்கவில்லை. நம் பாடப்புத்தக வரலாறு இந்த மூன்றுக்கும்தான் இடம் வைத்திருக்கிறது. அண்மை ஆண்டுகளில் கோவாவில் வாழும் அனூப் பபானியும் சாவியா வியேகாஸும் குடும்பங்களைத் தேடிப் போய், பழைய புகைப்படங்களைச் சேர்த்துக் கண்காட்சி வைத்த பிறகே இந்தப் பெயர்கள் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தன. தமிழில் இவர்களைப் பற்றி விரிவாக எழுதப்பட வேண்டும். இந்த ஒரு அத்தியாயம் அதற்குப் போதாது என்பதை எழுதும்போதே உணர்கிறேன்.

ஆறு பேர் பம்பாயை விட்டுப் போன சில மாதங்களிலேயே, 1924 ஜனவரியில், அதே நகரத்திலிருந்து இன்னொரு பார்சி சைக்கிளில் ஏறினார். ஃப்ராம்ரோஸ் தாவர், விளையாட்டுச் செய்தியாளர், தனி ஆள். வியன்னா போய்ச் சேர்ந்தபோது அவருக்கு ஓர் ஆஸ்திரியத் துணை கிடைத்தது: குஸ்தாவ் ஸ்தாவ்யானிக். இருவரும் சேர்ந்து போன இடங்களில் ஆண்டிஸ் மலையும் அமேசான் காடும் உண்டு. அதற்கெல்லாம் முன்பாக அவர்கள் சகாராவுக்குள் நுழைந்தார்கள்.

(அடுத்த அத்தியாயம்: சகாராவில் இரண்டு சைக்கிள்கள்)